இதயத்துக்காக சி3, சி4 பார்க்கலாமா? காம்ப்ளிமென்ட் புரதங்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்தி இரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது வரை என் பொறுப்பு. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருந்து வருகிறார்கள். வயதானவர்கள் ஊரில் இருக்க, பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் போனில் சொல்லும் பரிசோதனைப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: “அப்பச்சிக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காம்ப்ளிமென்ட் சி3, சி4 பார்த்துவிடுங்கள். அடைப்புக்குக் காரணமே எதிர்ப்பு சக்திதானாமே.”

அவர்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை ஒன்று, இந்தப் பரிசோதனை காட்டுவது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பணம் மிச்சம், வீண் பயமும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன

கிருமிகளை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் நம் இரத்தத்தில் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. சி3, சி4 அவற்றில் இரண்டு. பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் இவை இரத்தத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே 1890-களில் பாக்டீரியாவைக் கொல்லும் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சூடுபடுத்திப் பார்த்தார். அந்தச் சக்தி போய்விட்டது. சூடு படாத புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் திரும்ப வந்தது. சூட்டில் கெட்டுப்போகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அவருக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. காம்ப்ளிமென்ட்டை அடக்கி வைக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் ஆய்வகங்களில் சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைக்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் சரவெடி மாதிரி. ஒரு முனையில் பற்றினால் போதும், ஒன்று அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போகும். பற்றவைக்க மூன்று வழிகள் உண்டு. கிருமியின் மேல் ஆன்டிபாடி உட்கார்ந்தால் சி1க்யூ என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்வது ஒன்று. கிருமியின் மேலிருக்கும் சர்க்கரைக் கூறுகளை லெக்டின் புரதங்கள் அடையாளம் காண்பது இன்னொன்று. மூன்றாவது வழிக்குத் தூண்டுதலே வேண்டாம். சி3 தானாகவே எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருக்கும்; தடுக்க ஆள் இல்லாத இடத்தில் அது பெரிதாகிவிடும்.

எந்த வழியில் பற்றினாலும் வந்து சேரும் இடம் சி3. அது உடைந்தால் இரண்டு துண்டு. பெரிய துண்டு, சி3பி, கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு “இதைத் தின்னு” என்று வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அடுத்து சி5 உடையும். அதிலிருந்து கிளம்பும் சி5ஏ என்ற சின்னத் துண்டு வெள்ளணுக்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்துவரும். மிச்சமிருக்கும் சி5பி, சி6 முதல் சி9 வரையானவற்றோடு சேர்ந்து கிருமியின் சவ்வில் துளை போடும். இந்தத் துளைக் கூட்டுக்கு சி5பி-9 என்று பெயர். பின்னால் மறுபடியும் வரும். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சொந்த செல்களை இது தாக்காமல் இருக்க, அவற்றின் மேல் சிடி59, சிடி55 போன்ற தடுப்புப் புரதங்கள் இருக்கின்றன. அதே வேலைக்கு இரத்தத்தில் ஃபேக்டர் ஹெச் என்ற புரதம் இருக்கிறது. சிவப்பணுக்களில் சிடி55-உம் சிடி59-உம் இல்லாமல் போகும் ஓர் அபூர்வ நோய் உண்டு. அந்த நோயாளிகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும், இரத்தக்கட்டும் வரும். இந்தத் தடுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குழாய்ச் சுவருக்குள்

“குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது” என்று எல்லோரும் சொல்கிறோம். கேட்டால் தண்ணீர்க் குழாயில் அழுக்குப் படிவதுபோலத் தோன்றும். உண்மையில் கொழுப்பு குழாயின் உள்பக்கத்தில் ஒட்டுவதில்லை, சுவருக்கு உள்ளேயே புகுந்துகொள்கிறது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) துகள்கள் தமனியின் உள்சுவரைத் தாண்டிப் போய் அங்கே சிக்கி, ஆக்சிஜனாலும் நொதிகளாலும் உருமாறிவிடுகின்றன. உருமாறியதை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கத் தொடங்குகிறது.

இங்கேதான் சி.ஆர்.பி. வருகிறது. உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் புரதம் இது; உங்கள் ரிப்போர்ட்டில் அடிக்கடி பார்க்கும் அதே சி.ஆர்.பி.தான். உருமாறிய எல்.டி.எல். மேல் இது உட்கார்ந்தால் சி1க்யூ அதைப் பிடித்துக்கொள்ளும், சரவெடி பற்றிவிடும். சுவருக்குள் சேர்ந்த கொலஸ்ட்ரால் ஒரு கட்டத்தில் படிகமாகிறது. அந்தப் படிகங்களே நேரடியாகவும் காம்ப்ளிமென்ட்டைத் தூண்டும். சி5ஏ கூப்பிட, வெள்ளணுக்கள் உள்ளே வரும், கொழுப்பைத் தின்னும், தின்று தின்று நுரைபோல ஊதிப்போய் அங்கேயே சாகும். மனிதர்களின் தமனி அடைப்புப் படிவுகளை எடுத்துச் சோதித்தபோது சி5பி-9 அங்கே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அது எப்போதும் செல்லைக் கொன்றுவிடுவதில்லை. கொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தால் குழாய்ச் சுவரின் செல்களைத் தூண்டிவிட்டு இன்னும் வெள்ளணுக்களை அழைக்கவைக்கும், அடியிலிருக்கும் தசைச் செல்களைப் பெருகவைக்கும். படிவின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழிந்தால் அதன்மேல் இரத்தம் உறையும். மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

அப்படியென்றால் காம்ப்ளிமென்ட் மொத்தமுமே கெடுதலா? இல்லை. இந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள், எதிர்ப்பு சக்தி பற்றி வரும் வீடியோக்கள் தடுமாறுவது இங்கேதான். செத்த செல்களையும் குப்பையையும் அப்புறப்படுத்துவதில் சி1க்யூவுக்கும் சி3க்கும் பெரிய பங்கு உண்டு. கொழுப்பு அடைப்புக்கு ஆளாகும்படி வளர்த்த எலிகளில் சி1க்யூவை நீக்கிப் பார்த்தார்கள். அடைப்பு பெரிதானது, செத்த செல்கள் குவிந்தன. சி3 இல்லாத எலிகளுக்கும் நிலைமை மோசமானது. ஆனால் சங்கிலியின் கடைசிப் பகுதியான சி6 இல்லாத முயல்களுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தபோது அடைப்பு குறைவாகவே வந்தது. சங்கிலியின் முன்பகுதி சுத்தம் செய்கிறது, பின்பகுதி காயப்படுத்துகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். அதனால்தான் “காம்ப்ளிமென்ட்டைக் குறைக்க” என்றோ “ஏற்ற” என்றோ விற்கப்படும் எந்தப் பொடியையும் வாங்க வேண்டாம் என்கிறேன். எந்தப் பகுதியைக் குறைப்பது, எதை ஏற்றுவது?

ஒரே வீட்டில் இரண்டு ரிப்போர்ட்

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி இரண்டு ரிப்போர்ட்டோடு வந்தார். மகளுக்கு லூபஸ் (எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்), அவளுக்கு சி3 குறைவு. கணவருக்கு இதயத்தில் அடைப்பு. வெளியூரில் யாரோ எழுதிக் கொடுத்து எடுத்ததில் அவருக்கு சி3 கொஞ்சம் அதிகம்.

“ஒருத்திக்குக் கொறஞ்சா கெடுதிங்கிறாக, இவுகளுக்குக் கூடுனா கெடுதிங்கிறாக. எதுப்பா நெசம்?” என்று கேட்டார்.

“ரெண்டும் நெசந்தான் ஆச்சி. ஆனா ரெண்டுக்கும் அர்த்தம் வேற” என்றேன்.

நீங்களும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். பெரியவர்களுக்கு சி3 பொதுவாக டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மில்லிகிராம் வரையும், சி4 10 முதல் 40 மில்லிகிராம் வரையும் இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்கள் ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லூபஸில் சி3, சி4 குறைவது ஏனென்றால், நோய் கிளம்பும்போது உடம்பு அவற்றை எரித்துத் தீர்க்கிறது. தயாரிப்பதைவிடச் செலவு அதிகம். அந்த மகளின் ரிப்போர்ட் மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவருக்கு உண்மையிலேயே பயன்படும்.

கணவருடைய கதை வேறு. சி3 அழற்சியோடு ஏறும் புரதம். வயிற்றுக் கொழுப்பும் அதைத் தயாரிக்கும். தொப்பை இருந்து இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு சி3 மேல்பக்கமாக இருப்பது வழக்கம். ஆக, அந்த எண் அவர் இடுப்பைப் பற்றிச் சொல்கிறது. இதயக் குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு என்று சொல்வதில்லை. படிவுக்குள் நடக்கும் சண்டை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் அது அப்படியே தெரியாது. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ இதய மருத்துவர் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை.

அந்த ஆச்சியிடம் நான் அழுத்திச் சொன்னது மகளைப் பற்றித்தான். லூபஸ் உள்ள பெண்களுக்கு இளம் வயதிலேயே இதயக் குழாய் நோய் வரலாம். பிட்ஸ்பர்க்கிலிருந்து 1997-இல் வெளியான ஆய்வில், 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் இருந்தது. வீட்டில் எல்லோரும் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகளுக்கும் கொலஸ்ட்ரால், பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டும். அவள் நெஞ்சு வலி என்றால் “சின்னப் பெண்ணுக்கு என்ன” என்று விட்டுவிடக் கூடாது.

மருத்துவர் கேட்டால் இரத்தம் கொடுப்பது இப்படி

லூபஸ், சிறுநீரக அழற்சி, காரணம் தெரியாத வீக்கம் போன்றவற்றுக்கு மருத்துவர் சி3, சி4 எழுதினால் அவசியம் எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. அதே நேரத்தில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் எடுப்பதாக இருந்தால் அதற்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சி.ஹெச்.50 என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். அது புரதத்தின் அளவைப் பார்ப்பதில்லை, சங்கிலி முழுவதும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. போர்டே கண்டதுபோல இந்தப் புரதங்கள் சூடு தாங்காதவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மாதிரியை மேசையிலேயே விட்டுவைத்தால் எண் பொய்யாகக் குறையும். சிறிய லேபுகள் இதை வெளியூருக்குத்தான் அனுப்பும். “சீரத்தை உடனே பிரித்து உறையவைத்து அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல லேப் கோபித்துக்கொள்ளாது. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்து வெயிலில் பைக்கில் ஊர் சுற்றிப் போகும் ஏற்பாடு இந்தப் பரிசோதனைக்கு ஒத்துவராது.

இதயத்துக்காக அழற்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஹெச்எஸ்-சி.ஆர்.பி. (சி.ஆர்.பி.யை மிகக் குறைந்த அளவிலும் நுட்பமாக அளக்கும் பரிசோதனை) போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் உடம்பில் வேறு ஏதோ தொற்றோ காயமோ இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல், பல் வலி, மூட்டு வீக்கம் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். அலகையும் பாருங்கள். சில லேபுகள் டெசிலிட்டர் கணக்கில் தரும். டெசிலிட்டருக்கு 0.3 என்பதும் லிட்டருக்கு 3 என்பதும் ஒன்றே. இது தெரியாமல் இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுவிட்டு “பத்து மடங்கு ஏறிவிட்டது” என்று பயந்து வருகிறவர்கள் உண்டு.

பற்றவைப்பதைக் குறைப்பது

காம்ப்ளிமென்ட்டை நாமாக அணைக்க முடியாது. ஆனால் அதைத் தூண்டும் பலவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

முதலிடம் எல்.டி.எல்.லுக்குத்தான். சுவருக்குள் புகும் துகள் குறைந்தால் சண்டைக்குக் காரணமே குறைகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் வேண்டும். பல மருத்துவர்கள் 55-க்குக் கீழ் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதற்கு ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். அந்த மாத்திரை சி.ஆர்.பி.யையும் குறைக்கும். ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. தடுப்புப் புரதம் சிடி59 பற்றிச் சொன்னேன் அல்லவா, இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அதன்மேலும் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் அது வேலை செய்வதில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்பதும் இதே கதைதான், அங்கே சர்க்கரை ஒட்டுவது ஹீமோகுளோபினில். ஆகவே அந்த எண் ஏறும்போது கண், சிறுநீரகத்தோடு குழாய்ச் சுவரின் தடுப்பும் பழுதாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களிடம் பட்டும் படாமலும் பேசிப் பயனில்லை. கவுனி அரிசி கருப்பாக இருப்பதால் சர்க்கரை ஏற்றாது என்று நம்புகிறார்கள். அதில் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுத்தானே சாப்பிடுகிறோம். கல்யாணத்தில் ஒரு கரண்டி போதும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், தேன்குழல் எல்லாம் எண்ணெயில் பொரிப்பவை, அவற்றை விசேஷத்துக்கு என்று வையுங்கள். பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். வனஸ்பதி வேண்டாம். மிளகு, சோம்பு, கல்பாசி, பூண்டு, சின்ன வெங்காயம் எதையும் விட வேண்டியதில்லை. அவை இருப்பதால் உப்பைக்கூடக் குறைக்கலாம். ஆட்டுக்கறிச் சுக்கா இருந்த இடத்தில் மீன் குழம்பு வந்தால் நல்லது.

தொப்பைக்கு வருவோம். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. சி3 மட்டும் அல்லாமல், காம்ப்ளிமென்ட்டைப் பற்றவைக்கும் மூன்றாவது வழிக்கு அவசியமான ஃபேக்டர் டி என்ற புரதமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. தினமும் அரை மணி நேரம் நடங்கள். நம் ஊர்களில் ஊருணிக் கரை இருக்கிறது, காலையில் நல்ல காற்று. வெயில் காலத்தில் வெளியே போக முடியாத பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக இருக்கும் வீட்டில் நாலு நடை போய்வந்தால் வியர்த்துவிடும். ஆத்தங்குடிக் கல் வழுக்கும். ஈரமில்லாமல் துடைத்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.

சிகரெட், பீடி பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. புகை குழாயின் உள்சுவரைக் காயப்படுத்துகிறது, சி3-ஐயும் தூண்டுகிறது. முழுவதும் விட வேண்டும்.

ஈறு நோய் பலருக்குத் தெரியாத விஷயம். ஈறைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியா, சி5-ஐத் தன் நொதியாலேயே வெட்டி சி5ஏ-வை உருவாக்கிக்கொள்கிறது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதயக் குழாய் நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நிற்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. பல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட்டிப்போங்கள்.

காம்ப்ளிமென்ட்டுக்கே மருந்து இல்லையா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். சி5-ஐத் தடுக்கும் பெக்ஸெலிசுமாப் என்ற மருந்தை மாரடைப்பு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் 5,745 பேர் இருந்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்களின் விகிதத்தில் பலன் எதுவும் தெரியவில்லை. அதே சி5-ஐத் தடுக்கும் எகுலிசுமாப், நான் முன்பு சொன்ன சிவப்பணு உடையும் நோய்க்கு 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதைப் போடுகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கிருமி தாக்கும் ஆபத்து பல மடங்கு கூடுவதால் முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். காம்ப்ளிமென்ட் இருப்பதே அப்படிப்பட்ட கிருமிகளுக்காகத்தானே. இதய அடைப்புக்காக எழுதப்படும் காம்ப்ளிமென்ட் மருந்து இன்றைக்கு இல்லை. கோல்சிசின் என்று ஒரு பழைய கீல்வாத மாத்திரை அழற்சியைக் குறைத்துச் சில இதய நோயாளிகளுக்குப் பலன் தருகிறது. அது வேறு வழியில் வேலை செய்வது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து என்பதால் மருத்துவர் எழுதாமல் தொடாதீர்கள்.

நெஞ்சு பிடித்தால்

மேலே சொன்னது எல்லாம் நிதானமாகச் செய்வது. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல் வந்தால் வாய்வு என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். நேராக மதுரைக்குக் கார் பிடிக்கிறார்கள்; ஒன்றரை மணி நேரப் பயணம் அது. முதலில் ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். அதுவும் தூரம் என்றால், 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் வேளை மருந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பெற்றுக்கொண்டு மேலே போகலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும்.

என் எல்.டி.எல். எந்த அளவுக்கு இறங்க வேண்டும், இப்போதைய மாத்திரையில் அது முடியுமா? எனக்கு ஹெச்எஸ்-சி.ஆர்.பி. பார்த்தால் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் அந்தப் பரிசோதனை வேண்டாம். லிப்போபுரோட்டீன் ‘ஏ’ ஒரு முறை பார்த்துவிடலாமா? இது எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள், பரம்பரையாக வருவது, வாழ்நாளில் பெரிதாக மாறாது, ஒரு தடவை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலிருந்து போன் செய்து சி3 கேட்கும் பிள்ளைக்கு, அப்பாவின் இந்த ஒரு எண்ணைச் சொல்லி, அந்தப் பிள்ளையையும் அங்கேயே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.